பேசின் பிரிட்ஜில் படகு விட்ட காலம்!

சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் தங்கள் வாழ்நாளில் கணிசமான பகுதியை பேசின் பிரிட்ஜில்தான் கழிக்கிறார்கள்.

சாமல்பட்டிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி டவுனுக்கே ரயில் கிடையாது. ஆனால், ஜோலார்பேட்டை - சேலம் லைனில் இருக்கிற சாமல்பட்டிக்கு உண்டு! அந்தப் பெருமையோடு வண்டி ஏறி, ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் எல்லாம் தாண்டி, பெரம்பூரும் போன பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டி, தலை வாரி, கதவோரம் வந்து நிற்பீர்கள். அப்போது பார்த்து வண்டி நின்றுவிடும்!

''ஏண்ணா, இந்த இடத்துக்கு ஏன் பேசின் பிரிட்ஜ்னு பேரு வெச்சாங்க?''

''வண்டி நின்னுட்டா எல்லாரும் என்னா பண்றாங்க தம்பி?''

''பேசிக்கினு இருக்காங்க.''

''அதான்... பேசின்!''

ஜோக்கை விடுங்கள். நிஜக் காரணம் இதைவிட சுவாரஸ்யமானது. பேசின் என்பது கை கழுவுகிற பேசின் இல்லை. படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு ஏற்றி இறக்குவதற்காக, கால்வாயை அகலமாக வெட்டி வைக்கிற நீர்த்துறைக்குத்தான் இங்கிலீஷில் அந்தப் பெயர். கொருக்குப்பேட்டை பக்கம் 'கொக்ரைன் பேசின் ரோடு' என்று ஒரு தெருவே இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் தாண்டுகிற அந்தக் கறுப்புத் தண்ணீரில் ஒரு காலத்தில் பாய் விரித்த படகுகள் வரிசை கட்டி நின்றன. பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர்.

''சாக்கடைக்கு இவ்வளவு பெரிய பேரா?'' என்று கேட்காதீர்கள். அது கிருஷ்ணா ஆற்றின் பக்கத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் போன தண்ணீர் நெடுஞ்சாலை!

உப்பு போட்ட புண்ணியம்

1806-ஆம் வருஷ வாக்கில் பேசில் கொக்ரைன் என்ற வெள்ளைக்கார வியாபாரி, சென்னையிலிருந்து எண்ணூருக்கு 11 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார். எண்ணூர் உப்பைப் படகில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டு வர வேண்டும். வழியில் சுங்கம் வசூலித்துக் காசு பார்க்க வேண்டும். அதுதான் திட்டம். சென்ட்ரல் பக்கத்தில் 'சால்ட் கொட்டார்ஸ்' என்று ரயில்வே கூட்ஸ் யார்டு ஒன்று உண்டே... உப்புக் கொட்டாரம் என்பதைத்தான் வெள்ளைக்காரன் நாக்கு அப்படிச் சுருட்டியது.

1837-இல் சர்க்கார் கால்வாயைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே, தெற்கே என்று கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரைக்கும் சுமார் 315 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மரக்காணம் வரைக்கும் இன்னொரு 103 கிலோமீட்டர். பெத்தகஞ்சத்துக்கு அப்பால் கிருஷ்ணா, கோதாவரி டெல்டா கால்வாய்கள். மொத்தத்தையும் சேர்த்தால், காக்கிநாடாவில் படகு ஏறியவர் கடலைத் தொடாமலே மரக்காணத்தில் வந்து இறங்கலாம். கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர்!

அரிசி, உப்பு, சவுக்கு விறகு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், காய்கறி... சென்னைப்பட்டணத்து அடுப்பு எரிந்ததும் உலை கொதித்ததும் இந்தக் கால்வாயின் தயவில்தான். காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் ஒருத்தர் கரையில் கயிறு கட்டி இழுக்க, இன்னொருத்தர் கழி ஊன்றித் தள்ள, படகு நகரும். பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில் ராத்திரிப் படகேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' கவிதை அப்படிப் பிறந்ததுதான்.

ஒரு பவுண்டு தானியம்

இத்தனை நீளக் கால்வாயில் சென்னை நகருக்குள் மட்டும் ஒரு இடைவெளி இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். வடக்குப் படகு தெற்கே போக முடியாது. அந்த இடைவெளியை மூடியது எஞ்சினீயர்கள் மட்டுமல்ல... பசி.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நம் பாட்டன் பூட்டன் வாயில் கதையாக வந்த அதே பஞ்சம். அன்றைக்கு சாமல்பட்டி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லா. பஞ்சத்தில் ரொம்ப மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. கிராமங்களைக் காலி செய்துவிட்டு ஜனங்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்தார்கள். சும்மா சோறு போடக் கூடாது, வேலை வாங்கிக்கொண்டுதான் போட வேண்டும் என்பது சர்க்காரின் கொள்கை. 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து கூலியைக் குறைத்து நிர்ணயித்தார். நிவாரண வேலை செய்யும் ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. ஒரு பவுண்டு என்றால் அரை கிலோகூட இல்லை! வெயிலில் மண் வெட்டுகிறவனுக்கு இது காணாது என்று டாக்டர்களே சண்டை போட்டார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது.

அந்தப் பஞ்சக் காலத்தில், நிவாரண வேலையாக 1877-78-இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்டதுதான் இன்றைக்கு சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகப் போகிற கால்வாய். எலும்பும் தோலுமாக நின்றவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. 1878 முதல் அது பக்கிங்காம் கால்வாய்.

பூட்டு இல்லை... லாக்!

இனிமேல்தான் தமாஷ். கால்வாய் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஆனால், வழியில் கூவம், அடையாறு, பாலாறு என்று ஆறுகள் குறுக்கே வருகின்றன. மழை பெய்தால் ஆற்று மட்டம் ஏறும். கடல் பொங்கினால் முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் ஏறும், வடிந்தால் இறங்கும். கூடவே வண்டி வண்டியாக மணலும் வண்டலும். கதவு இல்லாமல் விட்டால் ஒரே மழையில் கால்வாய் தூர்ந்துவிடும். கதவைப் போட்டு மூடிவிட்டால் படகு எப்படிப் போகும்?

இதற்குத்தான் லாக். ஆறு குறுக்கிடும் இடங்களில் இரண்டு கரையிலும் லாக் கட்டினார்கள். சேப்பாக்கம் பக்கம் கால்வாய்க் கரைக் குடியிருப்பு ஒன்றுக்கு 'லாக் நகர்' என்றே பெயர்.

லாக் என்பது ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீர் லிஃப்ட். ஒரு நீளமான தொட்டி. இரண்டு பக்கமும் கதவு. படகு கீழ்மட்டத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கக் கதவு திறந்திருக்கிறது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடிவிடுவார்கள். இப்போது மேல்பக்கத்து மதகை மட்டும் திறந்தால், மேலே இருக்கிற தண்ணீர் தானாகத் தொட்டிக்குள் இறங்கும். தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் ஏறும். இரண்டு பக்கமும் மட்டம் சமமானதும் மேல்பக்கக் கதவைத் திறந்தால், படகு ஜம்மென்று வெளியே போகலாம். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டியதுதான். மோட்டார் வேண்டாம், பம்ப் வேண்டாம். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்ற ஒரே விதிதான் முதலாளி.

இதில் ஒரு சூட்சுமம். மட்டம் சமமாகிற வரைக்கும் கதவைத் திறக்கவே முடியாது. யார் சிபாரிசு பிடித்து வந்தாலும் சரி! கதவு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தண்ணீர் அதிகம் உள்ள பக்கம் பார்த்து 'வி' மாதிரி நிற்கும். தண்ணீர் தள்ளத் தள்ள இன்னும் இறுக்கிக்கொள்ளும். இந்தக் கதவை வடிவமைத்த பெருமையை மோனாலிசாவை வரைந்த லியோனார்டோ டாவின்சிக்குக் கொடுக்கிறார்கள். ஆனால், இரண்டு கதவுத் தொட்டி என்ற யோசனை அவருக்கும் 500 வருஷம் மூத்தது. கி.பி. 984-இல் சீனாவில் சியாவ் வெய்யூ என்ற அதிகாரி முதலில் கட்டினார். நம்ம ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு!

படியேறும் கப்பல்

பக்கிங்காமில் நடந்த அதே வித்தையை, படகுக்குப் பதிலாக மலை போன்ற கப்பலை வைத்துச் செய்தால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க மத்திய அமெரிக்காவில் இருக்கிற பனாமாவுக்குப் போக வேண்டும்.

அட்லாண்டிக், பசிபிக் என்ற இரண்டு சமுத்திரங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய நிலப்பட்டை. அதில் 80 கிலோமீட்டர் சொச்சத்துக்குக் கால்வாய். நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போகிற கப்பல் தென் அமெரிக்காவைச் சுற்றினால் 22,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பனாமா வழியாக அதில் பாதிகூட இல்லை.

சூயஸ் கால்வாய் வெட்டின பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸ்தான் 1881-இல் இங்கேயும் வேலையை ஆரம்பித்தார். சூயஸ் முழுக்கச் சமதள மணல். அங்கே ஒரு லாக் கூட கிடையாது. அதே ஞாபகத்தில் பனாமாவிலும் மலையைக் கடல்மட்டம் வரைக்கும் வெட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மலை சரிந்தது, மழை கொட்டியது, மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. சுமார் 20,000 பேர் செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். 1889-இல் கம்பெனி திவால்!

1904-இல் அமெரிக்கா வந்தது. முதல் காரியமாக மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொசுவை அடித்தது. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று ரொனால்டு ராஸ் 1897-இல் நம்ம செகந்திராபாத்தில் உட்கார்ந்துதானே கண்டுபிடித்தார்? அந்த ஞானம் பனாமாவில் கைகொடுத்தது. அப்படியும் 5,600 பேருக்கு மேல் பலி. பெரும்பாலும் பார்படாஸ் போன்ற மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகள். எந்த ஊர்க் கால்வாயானாலும் வெட்டுகிறவன் வயிறு ஒன்றுதான்.

அமெரிக்கர்கள் மலையை முழுக்க வெட்டவில்லை. சாக்ரெஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்டு, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் காட்டுன் என்ற ஏரியை உண்டாக்கினார்கள். கப்பல் ஒரு பக்கம் மூன்று படி ஏறும், ஏரியில் மிதந்து போகும், மறுபக்கம் மூன்று படி இறங்கும். 26 மீட்டர் என்றால் எட்டு மாடி உயரம்! 1914 ஆகஸ்ட் 15-ஆம் தேதி 'ஆங்கான்' என்ற கப்பல் முதன்முதலாக முறைப்படி கடந்தது.

இதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே பசிபிக் பக்கம் மிராஃப்ளோரெஸ் என்ற இடத்தில் மாடம் கட்டி, டிக்கெட் போட்டு விடுகிறார்கள். அங்கே நின்று பார்த்தால், முதலில் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். கண்டெய்னர் அடுக்கிய ஒரு அபார்ட்மென்ட் பிளாக் மெதுவாக ஊர்ந்து வரும். பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர். அதற்குள் நுழையும் பெரிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். இரண்டு பக்கமும் மிச்சம் இரண்டே அடி! டவுன் பஸ்ஸை நம்ம வீட்டு வாசப்படி வழியாக உள்ளே விடுகிற மாதிரி. சுவரில் உரசாமல் இருக்க, கரையில் பல் சக்கரத் தண்டவாளத்தில் ஓடும் மின்சார எஞ்சின்கள் இருபுறமும் கம்பிவடம் கட்டிக் கப்பலை நடுவாகப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குச் செல்லப்பெயர் 'மியூல்'. அதாவது கோவேறு கழுதை. இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் நிற்கிற உத்தியோகம் எப்படிப்பட்டது என்று மாசச் சம்பளக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கதவு மூடும். சத்தமே இல்லாமல் அடியிலிருந்து தண்ணீர் பொங்கும். கண்ணெதிரே கப்பல் உயரும். பத்து நிமிஷத்தில் பல்லாயிரம் டன் கப்பல் ஒன்பது மீட்டர் ஏறி நிற்கும். அடுத்த கதவு திறக்கும்.

கட்டணம் கப்பலுக்கு ஏற்றபடி லட்சக்கணக்கான டாலர் வரைக்கும் போகும். மிகக் குறைந்த கட்டணம் கட்டியவர் ரிச்சர்டு ஹாலிபர்ட்டன் என்ற ஊர்சுற்றி. 1928-இல் கால்வாயை நீந்தியே கடந்தார். லாக்குகளிலும் அவருக்காகக் கதவு திறந்து மூடினார்கள். கப்பலுக்குப் போடுகிற மாதிரியே எடை பார்த்து பில் போட்டார்கள். 36 சென்ட்!

மழை இல்லாவிட்டால்...

மோட்டார் வேண்டாம், பம்ப் வேண்டாம் என்றேனே... ஆனால், தண்ணீர் வேண்டுமே! ஒரு கப்பல் கடந்து முடிப்பதற்குள் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் ஏரியிலிருந்து இறங்கிக் கடலில் கலந்துவிடுகிறது. அதே ஏரிதான் பனாமா நகரத்துக்குக் குடிதண்ணீரும் கொடுக்கிறது. 2016-இல் திறந்த புதிய பெரிய லாக்குகளில் பக்கவாட்டுத் தொட்டிகள் வைத்து 60 சதவிகிதத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் 2023-இல் மழை பொய்த்தபோது ஏரி வற்றியது. நாளைக்கு 36 கப்பல் போன இடத்தில் 22, 24 என்று குறைத்தார்கள். இரண்டு பக்கமும் கப்பல்கள் க்யூவில் நின்றன. 2024 மழைக்குப் பிறகுதான் மூச்சு வந்தது. ஏரி வற்றினால் என்ன ஆகும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அங்கே ஏரி வற்றினால் உலகம் பூராவும் செய்தி.

நம்ம கால்வாய் எப்படிச் செத்தது?

பனாமா 100 வயது தாண்டியும் ஜோராக இருக்கிறது. பக்கிங்காம் ஏன் நாறுகிறது? 'புயல் அடித்தது' என்பார்கள். நிஜம்தான். 1965, 1966, 1976 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. ஆனால், வியாதி அதற்கு முன்பே ஆரம்பித்தது. 1899-இல் கடலோரமாக விஜயவாடாவுக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. பிறகு லாரி வந்தது. படகு குறைந்தது. படகு குறைந்ததும் சுங்க வரும்படி குறைந்தது. வரும்படி குறைந்ததும் தூர் வாருவது குறைந்தது. லாக் கதவு துருப்பிடித்தது. அதைத் திறந்து மூட ஆளும் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் குப்பை கொட்டுவதுதானே நம்ம வழக்கம்? பாதி நகரத்துச் சாக்கடையும் உள்ளே இறங்கியது.

பனாமாவில் இன்றைக்கும் தூர் வாரும் எந்திரங்கள் ஓயாமல் ஓடுகின்றன. காரணம், தினமும் கப்பல் போகிறது, காசு வருகிறது. கால்வாய்க்குச் சாவு புயலில் வருவதில்லை. கடைசிப் படகு போன மறுநாள் வருகிறது.

மிச்சத்தை நாம் முடித்துவைத்தோம். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கும், 1997-இல் மயிலாப்பூருக்கும், 2007-இல் வேளச்சேரிக்கும் பறக்கும் ரயில் போனது. நகருக்குள் பல இடங்களில் அதன் தூண்கள் நிற்பது கால்வாய்க்குள்ளேயே! 2008-இல் காக்கிநாடா - புதுச்சேரி கால்வாயை தேசிய நீர்வழி எண் 4-இல் சேர்த்து அறிவித்தார்கள். அறிவிப்பு வந்தது. தூண் நிற்கிற இடத்தில் சரக்குப் படகு எந்த வழியாகப் போகும் என்பதுதான் கேள்வி. பனாமாவில் கொசுவை ஒழித்துக் கால்வாய் வெட்டினார்கள். நாம் கால்வாயை வைத்துக் கொசு வளர்க்கிறோம்.

இவ்வளவுக்கும் அது நம்மைக் கைவிடவில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, கரைக்கு இணையாக ஓடும் இந்தக் கால்வாய் பல இடங்களில் அலைத் தண்ணீரைத் தான் வாங்கிக்கொண்டது. அதற்கு அந்தப்புறம் இருந்த கிராமங்கள் பிழைத்தன. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து மழைத் தண்ணீரும் ஒக்கியம் மடுவு வழியாக இந்தக் கால்வாயில் இறங்கித்தான் கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். நம்ம ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் இன்றைக்கு வேலை பார்ப்பது ஓ.எம்.ஆர். கம்பெனிகளில். அந்தப் பக்கம் மழைநாளில் முழங்கால் தண்ணீரில் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது ஒன்று நினைத்துப் பாருங்கள். வடிகிற வழியைக் குறுக்கியது யார்?

மறுபடியும் படகு விடுவது முடியாமல் போகலாம். ஆனால், தண்ணீர் போக அகலம் விடுவதும், சாக்கடையைத் திருப்புவதும், தூர் வாருவதும் டாவின்சி வந்து செய்ய வேண்டிய வேலை இல்லை. பசியோடு நின்ற மனுஷர்கள் ஒரு பவுண்டு தானியத்துக்கு வெட்டிக் கொடுத்த சொத்து அது. வயிறு நிறையச் சாப்பிடுகிற நாம் அதில் குப்பை போடாமலாவது இருக்கலாமே!



லாக்கை நேரில் பார்க்க ஆசையா?

* பனாமாவுக்கு விசா எடுக்க வேண்டாம். மேற்கு வங்காளத்து ஃபராக்காவில், கங்கை அணையை ஒட்டி லாக் இருக்கிறது. அலகாபாத்திலிருந்து ஹால்டியா வரை 1,620 கிலோமீட்டர் போகிற தேசிய நீர்வழி எண் 1-இன் படகுகள் இதன் வழியாகத்தான் ஏறி இறங்கும்.

* நிஜமான கடல் கப்பலே லாக்கில் நுழைவதற்கு, அதே மாநிலத்து ஹால்டியா துறைமுகம். கல்கத்தாவில் 1892-இல் திறந்த கிதிர்ப்பூர் துறைக்கும் லாக் வழியாகத்தான் கப்பல் வரும். துறைமுகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

* பக்கிங்காம் தண்ணீரில் படகு ஏறினால் போதும் என்பவர்களுக்கு, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு படகுத்துறை. அந்தப் பக்கம் கர்ச்சீப் மூக்குக்குத் தேவைப்படாது. வியர்வை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.